எட்டாவது மெஷின்

குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஒருத்திக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அந்தச் சட்டைக் கம்பெனியில் கொடுக்கிறார்கள். செக்கிங் அக்கா என்பது அவள் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. பதினோரு வருஷமாக அதே மேஜை, தலைக்கு மேல் அதே டியூப்லைட், ஏப்ரன் பையில் அதே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் ஓர் அம்பு. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் அங்கே ஓர் அம்பு. அம்பு விழுந்த பீஸ், குறை சரியாகும்வரை பெட்டிக்குள் போகாது. மேனேஜர் கெஞ்சினாலும் போகாது, லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் போகாது. முதலாளி போட்ட சட்டம் அது. வெளியூர் வியாபாரிகளை அழைத்து வந்து அவள் மேஜைப் பக்கம் நிறுத்தி, "இந்தம்மா அம்பு ஒட்டிட்டா, நானே வந்தாலும் அந்த பீஸை நகர்த்த முடியாது" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு வால் உண்டு. குறைக்குப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். என்னவோ சரியில்லை, பார்க்க நன்றாயில்லை என்பதெல்லாம் அங்கே செல்லாது. "குறை என்ன?" என்று முதலாளி கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வர வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மேஜைக்கு எண்ணூறு டீ-ஷர்ட் வந்து இறங்கியது. முதல் பீஸை உதறி விரித்தாள். உள்ளேயிருந்து அவளுடைய மகள் அவளைப் பார்த்தாள்.

மகள் என்றால் பெற்ற மகளேதான். மார்புக்கு நேராக, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அச்சடித்த முகம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்பையும் அவர்களே பூசியிருந்தார்கள். கீழே 'அவளுக்காக ஓடுவோம்' என்று கொட்டை எழுத்து.

விஷயம் இதுதான். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், பகல் பதினோரு மணி முதல் மூன்று மணி வரை, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். இடது கையில் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தைத் தொட்டால் உர்ரென்று அதிரும். "பூனைக்குட்டி வெச்சிருக்கேன், பார்க்கிறியா?" என்று தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். எதற்கும் சும்மா தலையாட்டாத பெண் என்பதால் வீட்டிலும் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு வக்கீல் என்றுதான் பெயர்.

இந்தக் கதை முதலாளியின் காதுக்குப் போனது. மனுஷன் உருகிவிட்டார். ஊர் கூடி ஓடுகிற மாதிரி ஓர் ஓட்டம் வைப்பது, டீ-ஷர்ட் வாங்கி ஓடுகிறவர்கள் தருகிற பணத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது மெஷின் வாங்கித் தருவது, அதில் காலமான தன் அம்மாவின் பெயரைப் பொறிப்பது என்று முடிவாகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

செக்கிங் அக்கா எண்ணூறையும் பார்த்து முடித்தாள். தையல் சுத்தம். அச்சு சுத்தம். ஆனாலும் ஒவ்வொன்றை மடிக்கும்போதும் கை ஏப்ரன் பைக்குப் போய் வெறுமனே திரும்பி வந்தது. என்னவோ சரியில்லை. அதற்குப் பெயர்தான் வரவில்லை.

சாயங்காலம் ஒரு டீ-ஷர்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அப்பா லாரியோடு வெளியூர் போயிருந்தார். வக்கீல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தவறவிட்ட பாடத்தைத் தோழியின் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். டீ-ஷர்ட்டை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"யாரும்மா இது? பாவம், எப்போ செத்துச்சு?"

"வாயைக் கழுவுடி!"

"பின்னே என்னம்மா? நான் சிரிச்சா அந்த போட்டோக்காரர், 'சிரிக்காதம்மா, அப்புறம் யாரும் காசு போட மாட்டாங்க'ன்னார். கண்ணாடியைக் கழட்டச் சொன்னார். கண்ணாடி இல்லாம எதிர்ல நிக்கிறது ஆளா ஆடான்னே எனக்குத் தெரியாது. அதான் முழி அப்படி இருக்கு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

"போட்டோவை விடு" என்றாள் வக்கீல். "மெஷின் வேண்டாம்னு உங்க முதலாளிகிட்ட சொல்லும்மா."

"கொழுப்பாடி உனக்கு?"

கொழுப்பு இல்லை, கணக்கு. அந்த ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஏழு மெஷின் இருக்கிறது. ஓடுவது நான்குதான். மீதி மூன்றும் வராந்தாவில் பிளாஸ்டிக் உறை போட்டபடி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைத் தகடு. ஒன்றில் ஒரு சங்கத்தின் பெயர், ஒன்றில் ஒரு நகைக்கடையின் பெயர், ஒன்றில் யாரோ ஒருவருடைய அப்பா. நோயாளிகளோடு வருகிறவர்கள் அவற்றின் மேல் டிபன் பையும் குடையும் வைப்பார்கள். பழுது எதுவும் இல்லை. தண்ணீர்தான் இல்லை.

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூத்தி இருபது லிட்டர் சுத்தத் தண்ணி வேணும்மா அதுக்கு. எனக்குக் குடிக்க ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அளந்து தர்றீங்க, அது பாட்டுக்கு நூத்தி இருபது லிட்டரை இழுத்துக்குது! அங்க இருக்கிற பழைய பிளான்ட், நாலு மெஷினுக்கு ரெண்டு பேட்ச் தண்ணி வடிகட்டுறதுக்குள்ள மூச்சு வாங்குது. மூணு மணிக்கு மேல தொட்டி காலி. பெரிய பிளான்ட் ஒண்ணு வந்தா ஏழும் ஓடும், சாயங்காலமும் ஒரு பேட்ச் போடலாம்னு டெக்னீஷியன் அண்ணன் சொல்றார். தான் இருந்து பார்த்துக்கிறேன்னும் சொல்லிட்டார். டாக்டர் அதுக்கு அனுமதிக் கையெழுத்தே போட்டு வெச்சிருக்கார். காசுதான் இல்லை."

சாயங்கால பேட்ச். அந்த இரண்டு வார்த்தையில்தான் அந்தப் பெண்ணின் உயிர் இருந்தது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இப்போது வாரத்தில் மூன்று நாள் பள்ளி கைவிட்டுப் போகிறது. காலை பேட்ச்சும் பள்ளியைத் தின்றுவிடும், அதில் இடமும் இல்லை. ஒரு வருஷம் ஏற்கெனவே வீணாகி, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். இந்த வருஷம் இன்னும் பதினாலு நாள்தான் விடுப்பு எடுக்கலாம், பதினைந்தாவது நாள் விழுந்தால் இறுதித் தேர்வு எழுத முடியாது என்று தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"வாரத்துக்கு மூணு நாள். அஞ்சாவது வாரம் நான் அவுட்" என்றாள் வக்கீல். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் செக்கிங் அக்கா தைரியத்தைத் திரட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனாள். மெஷினுக்குப் பதில் தண்ணீர் பிளான்ட் வாங்கித் தர முடியுமா என்று முதலாளியிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். மேனேஜர் சிரித்தார்.

"பிளான்டா? மொட்டை மாடியில ஒரு தொட்டி, கீழே இருட்டு ரூம்ல ஒரு பம்பு. ரிப்பனை எங்கம்மா கட்டுறது? எதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கிறது? தகடு அடிச்சு வந்தாச்சு. நல்லது நடக்கும்போது குறுக்க வராதே. போய் வேலையைப் பாரு."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் 'சரிங்க சாரை' நினைத்து நினைத்து அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். மேஜையில் அம்பு ஒட்டும்போது இருக்கிற நாக்கு, மேஜையை விட்டு நகர்ந்தால் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

"அப்போ ஞாயித்துக்கிழமை மேடையில என்னைப் பேசக் கூப்பிடுவாங்கல்ல, நானே சொல்லிடறேன்" என்றாள் மகள், ராத்திரி அதைக் கேட்டதும்.

"ஒண்ணும் வேண்டாம். எழுதிக் கொடுத்ததைப் படி, நன்றி சொல்லு, இறங்கு. இருக்கிறதும் போயிடும். சத்தியம் பண்ணு, மேடையில வாயைத் திறக்க மாட்டேன்னு."

"வாயைத் திறக்காம எப்படிம்மா நன்றி சொல்றது?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை விளையாட்டு மைதானத்தில் ஓட்டம். சும்மா சொல்லக் கூடாது, ஊரே திரண்டு வந்திருந்தது. கம்பெனி ஆட்கள், கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், தொப்பையோடு மூச்சு வாங்குகிற பெரிய மனிதர்கள், எல்லோர் மார்பிலும் அந்தச் சோக முகம். டீ-ஷர்ட் கொடுக்கிற மேஜையில் செக்கிங் அக்கா ஏப்ரனோடு நின்றாள். ஒரு டிரைவர் வியர்த்து வழிந்து வந்து, "உங்க பொண்ணுக்காக ரெண்டு சுத்து அதிகமா ஓடினேன்க்கா" என்றார். அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நல்ல மனசும் போய் வராந்தாவில் உறை போட்டு நிற்கப் போகிறதே என்றுதான் அழுகை.

மேடை ஏறும் நேரம் வந்தபோது மேனேஜர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"உட்காரும்மா."

"யாருக்கு சார் இது?" என்றாள் வக்கீல்.

"உனக்குத்தான். தள்ளிட்டுப் போறோம்."

"எனக்குக் கிட்னிதான் சார் போச்சு. கால் ரெண்டும் அப்படியே இருக்கு."

"பார்க்கிறவங்களுக்கு ஒரு இது வேணும்ல? சொன்னாக் கேளு."

வக்கீல் கேட்டாள். தன் பையை எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள், கைப்பிடியைப் பிடித்தாள், தானே அதைச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள். தையல் பிரிவுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

மேடை நடுவில், முதலாளி முன்பணம் கொடுத்து வரவழைத்த புது மெஷின் நின்றது. இடுப்பில் சிவப்பு ரிப்பன், நெற்றியில் பித்தளைத் தகடு. முதலாளி தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். பிறகு மைக்கை வக்கீலிடம் கொடுத்தார்கள். அவள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எழுதிக் கொடுத்த காகிதத்தில் முதல் வரியைப் படித்தாள். பிறகு காகிதத்தை மடித்தாள். கீழே அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"எனக்காக ஓடினவங்க எல்லாருக்கும் நிஜமாவே நன்றி. ஆனா இது எட்டாவது மெஷின். மூணு மெஷின் ஏற்கெனவே தண்ணி இல்லாம வராந்தாவுல நிக்குது. இதுவும் அதுங்க பக்கத்துல போய் நாலாவதா நிக்கும். எங்களுக்கு வேண்டியது தண்ணி பிளான்ட். அது வந்தா சாயங்கால பேட்ச் வரும், நான் பரீட்சை எழுதுவேன். என்னைப் பார்த்துப் பாவப்படாதீங்க, நான் சொல்றதைக் கேளுங்க, அது போதும். அந்த பிளான்ட்—"

மைக் செத்தது. மேனேஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டு இன்னொரு மைக்கில், "குழந்தைக்குக் களைப்பு, கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டா" என்றார். கூட்டத்தில் யாரோ, "நல்லது செஞ்சா இப்படித்தான், திமிரைப் பாரு" என்றார்கள். இன்னும் நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். வக்கீல் செத்த மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி அழாமல் நின்றாள். கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது.

செக்கிங் அக்கா எப்படி மேடை ஏறினாள் என்று பின்னால் கேட்டவர்களிடமெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "எனக்கே தெரியாது." ஏறியது உண்மை. ஏப்ரன் பையிலிருந்து சுருளை எடுத்ததும், ஓர் அம்பைக் கிழித்ததும், புது மெஷினின் நெற்றியில் பித்தளைத் தகட்டுக்குக் கீழே பளிச்சென்று ஒட்டியதும் எண்ணூறு பேர் பார்த்த உண்மை.

கட்டிங் பிரிவு ஆட்கள் நின்ற பக்கமிருந்து ஒருவர் கத்தினார்: "அம்பு விழுந்திருச்சுடோய்!"

மேனேஜர் பாய்ந்து வந்து ஸ்டிக்கரைப் பிய்க்கக் கையை நீட்டினார்.

"கையை எடு" என்றார் முதலாளி.

சொல்லிவிட்டு அவரே திகைத்துவிட்டார். பதினோரு வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. அவருடைய முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. கோபம்தான், பின்னே? அம்மா பெயருக்குக் கீழே சிவப்பு அம்பு ஒட்டினால் யாருக்குத்தான் வராது? ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். எல்லோரும் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்கள். அவர் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"குறை என்ன?"

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"தண்ணி இல்லைங்க சார்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"புதன்கிழமை மேனேஜர் சார்கிட்ட சொன்னேன். ரிப்பன் கட்ட இடமில்லைன்னார்." மகளைக் கைகாட்டினாள். "இன்னைக்கு என் பொண்ணு சொன்னா. அவ மைக்கைப் பிடுங்கிட்டாங்க. அவ முகத்தை எண்ணூறு சட்டையில போட்டீங்க சார், அவ பேச்சை ஒரு நிமிஷம் கேட்கக் கூடாதா? மெஷின்ல ஒரு குத்தமும் இல்லை. ஆனா இந்த பீஸ் போகாது."

"எங்கம்மா பேர் இருக்கும்மா அதுல" என்றார் முதலாளி, மெதுவாக.

"அதனாலதான் சார் சொல்றேன். வராந்தாவுல நின்னுச்சுன்னா, அந்தம்மா பேர் மேல யாராவது டிபன் பையைக் கொண்டுவந்து வைப்பாங்க."

அவர் தகட்டைப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். வக்கீல் இன்னும் மைக்கைக் கீழே வைக்கவில்லை. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வர்றேன். நீயும் வாம்மா. பொய்யா இருந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தவர், மீதியை மென்று விழுங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். மெஷின் ரிப்பன் வெட்டப்படாமல் அப்படியே நின்றது.

வீட்டுக்கு வருகிற வழியில் தெருமுனை வந்ததும் வக்கீல் சொன்னாள்: "என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லிட்டு நீ பண்ணின வேலையைப் பாரு."

"வாயை மூடுடி" என்றாள் அம்மா. சொல்லும்போதே சிரித்துவிட்டாள். பிறகு நடுத்தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலாளி சொன்னபடியே வந்தார். டெக்னீஷியன் வராந்தாவில் ஒவ்வோர் உறையாகத் தூக்கிக் காட்டினார். மூன்றாவது மெஷினின் மேல் உண்மையிலேயே ஒரு டிபன் பை இருந்தது, அதோடு ஒரு ஈரக் குடையும். முதலாளி குடையை எடுத்துச் சுவரில் சாத்தினார். கைக்குட்டையால் தகட்டைத் துடைத்து, யாரோ ஒருவருடைய அப்பாவின் பெயரை வாய்விட்டுப் படித்தார். "இவர் பிள்ளைக்கு இது தெரியுமா?" என்றார். "பிளான்ட் எவ்வளவு பெருசு வேணும்?" என்று டெக்னீஷியனிடம் கேட்டார்.

புது மெஷின் ரிப்பனோடு விற்றவரிடமே திரும்பிப் போனது. அந்தப் பணத்தில் பிளான்ட் வந்து, குழாய் இழுத்து, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, சரியென்று தாள் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. வக்கீலின் கையில் அப்போது மிச்சம் இரண்டே நாள் விடுப்பு. முதலாளியின் அம்மா பெயர் பொறித்த தகட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் பம்பு அறைக் கதவில் அடித்தார்கள். டெக்னீஷியனைத் தவிர அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை முதலாளி மட்டும் போய், உள்ளே பம்பு ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வருகிறார்.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மேனேஜர் இன்றுவரை செக்கிங் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'வாங்கின கையாலேயே அம்பு ஒட்டினவள்' என்று சிலர் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கணக்குத் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் ஏழு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. வக்கீல் பள்ளிச் சீருடையோடு, விரலெல்லாம் மையோடு வந்து எடை பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்த அம்மா, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் பக்கத்தில் நின்றாள்.

"எப்படி எழுதின, வக்கீலு?" என்று கேட்டுக்கொண்டே டெக்னீஷியன் ஊசியைச் செருகினார்.

அவள் பல்லைக் கடித்தாள், விட்டாள். "ஒன்பதாவது கேள்வியே தப்பு அண்ணா. முக்கோணத்துக்கு மூணு பக்கம் கொடுத்திருக்காங்க. ரெண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூணாவது நீளத்துக்கு வரலை. அப்புறம் எப்படி முக்கோணம் வரும்?"

"ஐயோ, எழுதாம விட்டுட்டியா?" என்றாள் அம்மா.

"நான் ஏன் விடணும்? கேள்வியைத் திரும்ப எழுதி, பக்கத்துல பென்சில்ல ஒரு அம்பு போட்டுட்டு வந்தேன்."

குழாயில் ரத்தம் ஏறி மெஷினுக்குப் போவதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்பு மட்டும் போட்டா செல்லாதுடி. குறைக்குப் பேர் எழுதினியா?"

"எழுதினேன்மா. ஒரே வரியில."

"அப்போ சரி" என்றாள் அம்மா.